மாமியின் பப்பாளித் தடை

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் நான் தினமும் குழித்துறையில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் போவேன். அங்கே ஒரு ஆய்வுக்கூடத்தில் நீல நிற ஜெல் துண்டுகளில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். சாயங்காலம் அதே ரயிலில் திரும்புவேன். இதற்குப் பெயர் முனைவர் பட்ட ஆராய்ச்சி. ஓட்டை விழுந்திருந்தால் வழிகாட்டிப் பேராசிரியர் சந்தோஷப்படுவார், விழாவிட்டால் நான் அழுவேன். இப்படியே ஆறு வருஷம் போயிற்று.

அம்மா சர்ச்சில் எல்லோரிடமும், "மவ கேன்சருக்குப் படிக்கா" என்று சொல்லி வைத்திருந்தாள். ஏதோ நான் கேன்சர் வேலைக்குத் தேர்வு எழுதுவது போலத்தான் அது கேட்கும். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். யாராவது ஒருத்தர் வந்து, "கேன்சரே பாக்குத பிள்ளயாக்கும். இந்தக் கால் வெடிப்புக்கு ஒண்ணு சொல்லு பாப்போம்" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வேண்டுமென்றே விளக்க ஆரம்பிப்பேன். இரண்டாவது வாக்கியத்துக்குள் அவருக்குச் செருப்பு கிடைத்துவிடும்.

விளக்கம் இவ்வளவுதான். நம் உடம்பில் செல்கள் சும்மா கொட்டிக் கிடப்பதில்லை. நார் நாராகப் பின்னிய வலைக்குள் வேலி கட்டிக் குடியிருக்கின்றன. அந்த வேலியை வெட்டிக் கரைக்கிற என்சைம்கள் உடம்பிலேயே இருக்கின்றன. அவை கெட்டவை அல்ல. காயம் ஆறவும் குழந்தை வளரவும் அவை வேண்டும். தலைப்பிரட்டை தவளையாகும்போது வாலைக் கரைத்துவிடுவதும் அந்த வகையறாதான். புற்று இந்தக் கத்தரிக்கோலைக் கைப்பற்றிக்கொள்ளும். வேலியை அறுத்து இடம் பிடிக்கும், ரத்தக்குழாய்க்குள் நுழைந்து வேறு ஊருக்குப் போய்க் குடியேறும். இதில் பெரிய அயோக்கியத்தனம், பாதி நேரம் அந்த என்சைமைக்கூட அது சொந்தமாகச் செய்யாது. பக்கத்தில் இருக்கிற நல்ல செல்களை ஏவிச் செய்ய வைக்கும். இவற்றை அடக்க மருந்து செய்தும் பார்த்தார்கள். நல்ல வேலைகளும் சேர்ந்து நின்றுபோய், நோயாளிகளுக்கு மூட்டுவலிதான் மிச்சம். நான் ஜெல்லில் பார்த்த வெள்ளை ஓட்டைகள் அந்த என்சைம்கள் தின்ற இடங்கள்.

இதையெல்லாம் செருப்பைத் தேடாமல் முழுக்கக் கேட்ட ஒரே ஆள் மாமி. மாமி என்றால் அப்பாவின் அக்கா. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் சரிவில் எங்கள் வீடும் மாமியின் வீடும் அடுத்தடுத்து இருந்தன. மாமா போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. அதனால் எங்கள் வீட்டு அதிகாரத்தில் பாதி அவளுடையது. மீதிப் பாதியும் அவளுடையதுதான், அம்மா வைத்திருப்பது போல ஒரு பாவனை உண்டு. மாட்டிறைச்சிக் கறியில் மாமியை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. எந்த வீட்டு விசேஷமென்றாலும் கறி உருளிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு மாமி உட்கார்ந்திருப்பாள். எவ்வளவு கிழட்டு மாட்டைக் கொண்டு வந்தாலும் ஒரு பச்சைப் பப்பாளித் துண்டைப் போட்டுப் பஞ்சாக்கிவிடுவாள்.

அண்ணன் வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்தான். அவனுடைய நிச்சயதார்த்தத்துக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி என்னை ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகைக்குக் கூப்பிட்டாள். அந்த நாற்றத்துக்குப் பயந்து அங்கே யாரும் வரமாட்டார்கள். ரகசியம் பேச வீட்டில் அதைவிட நல்ல இடம் இல்லை.

"ஏட்டி, ஒரு காரியம் கேக்கணும். ஒருத்திக்கு மாருல ஒரு கட்டி இருக்கு."

"யாருக்கு மாமி?"

"ஒருத்திக்கு."

"அந்த ஒருத்தி யாரு?"

"சவம், ஒனக்கு ஆளுக்க பேரு எதுக்கு? காரியத்தச் சொல்லு."

"ஆசுத்திரிக்குப் போணும். ஊசி குத்திப் பாப்பாவ."

"அப்பம் வேண்டாம்" என்றாள் மாமி. பிறகு என் கையைப் பிடித்துத் தன் ரவிக்கைக்கு மேல் வைத்து அழுத்தினாள். ஒரு கொட்டைப்பாக்கு அளவில் கெட்டியாக இருந்தது. தள்ளிப் பார்த்தால் நகரவில்லை. நான் அதுவரை பார்த்த புற்றெல்லாம் பிளாஸ்டிக் தட்டில் இருந்தவை. கேன்சருக்குப் படிக்கிற பிள்ளை பக்கத்தில் தொங்கிய ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"நீ ஒண்ணும் வெப்ராளப்படாத" என்று மாமிதான் என்னைத் தேற்றினாள். "வேதனை ஒண்ணும் இல்ல. அது பாட்டுக்கு ஒறங்கிக் கெடக்கு. ஊசி குத்தினாலோ கத்தி வச்சாலோ முழிச்சிரும், பின்ன பரவிரும். மேலச்சரிவுக்காரிக்கு ஓப்பறேசன் செய்தாவ. மூணு மாசம் இருந்தாளா?"

மேலச்சரிவுக்காரி இரண்டு வருஷம் மறைத்து வைத்துவிட்டுப் போனவள். கத்தி அவளைக் கொல்லவில்லை, தாமதம்தான் கொன்றது. இதைச் சொன்னேன், மாமி காதில் வாங்கவில்லை. நிச்சயதார்த்தம் முடிகிற வரைக்கும் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். முடிந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வருவதாக அவள் பங்குக்கு ஒரு வாக்குக் கொடுக்கச் சொன்னேன். "அத அப்பம் பாப்போம்" என்றாள். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம் மாட்டேன் என்பது.

மறுநாளே என் முதல் முயற்சி. அடுக்களையில் மாமி இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்குத் தெரிந்ததை வைத்தே சொல்லிவிடலாம் என்று புத்திசாலித்தனமாக யோசித்தேன். "மாமி, அது ஒறங்கல்ல. அதுக்க கிட்டயே பப்பாளி மாதிரி ஒண்ணு இருக்கு. சதையக் கரைச்சுக் கரைச்சு வழி உண்டாக்கிட்டுப் போவும். கத்தி ஒண்ணும் வேண்டாம் அதுக்கு" என்றேன்.

மாமி அரிவாள்மணையை நிறுத்தினாள். "பப்பாளியா?"

"பப்பாளி மாதிரி."

மாமி எழுந்து போனாள். ஏதோ உறைத்துவிட்டது, முகம் கழுவிச் சேலை மாற்றி வருவாள் என்று காத்திருந்தேன். புழக்கடையில் வெட்டுக்கத்திச் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், காய்த்துத் தொங்கிய பப்பாளி மரம் தரையில் கிடந்தது.

"இத்தன வருசமா ஊருக்கெல்லாம் தீனத்த வச்சுல்லா விளம்பியிருக்கேன்" என்றாள். ஊருக்கே நோயைப் பரிமாறிவிட்டவள் போலக் கண் கலங்கியிருந்தது.

அது வெறும் உதாரணம், தின்கிற பப்பாளி வயிற்றில் போய் மற்ற சாப்பாடு போலச் செரித்துவிடும், அதற்கும் புற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தொண்டை வறளச் சொன்னேன். "ஒதாரணமோ என்னவோ, எனக்க சட்டியில இனி அது வேண்டாம்" என்று முடித்துவிட்டாள். அந்த வாரச் சர்ச் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில், திருவனந்தபுரத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்ற முன்னுரையோடு செய்தி வெளியானது. கண்டுபிடித்தது யாரென்றும் சொல்லப்பட்டது. சரிவு முழுக்கப் பப்பாளி மரங்கள் சாய்ந்தன. எங்கள் தெரு ஆடுகள் அந்த மாதம் நன்றாகத் தேறின.

ஆறு வருஷ ஆராய்ச்சியில் என் வார்த்தையை உலகம் உடனே ஏற்றுக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் நான் சொல்லாத வார்த்தை.

வாயால் சொன்னால்தானே வம்பு, கண்ணால் காட்டிவிடுவோம் என்று அடுத்த சனிக்கிழமை மார்த்தாண்டம் சந்தையில் ஒரு ஜெல்லி பாக்கெட் வாங்கினேன். ஸ்ட்ராபெர்ரி. ஜெல்லி என்றால் ஜெலட்டின், மாட்டு எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது, செல்களுக்கு வேலியாக இருக்கிற அதே நாரின் உருகிய வடிவம். என் ஆய்வுக்கூடத்து ஜெல்லிலும் அதுதான் இருந்தது. அதைக் கரைக்கிற என்சைம் அன்னாசியிலும் உண்டு. எங்கள் சரிவில் இளம் ரப்பருக்கு ஊடே அன்னாசிதான், கைதச்சக்கை என்போம். ஒரு தட்டில் ஜெல்லியை உறைய வைத்து, நடுவில் பச்சை அன்னாசித் துண்டை வைக்க வேண்டும். கத்தி தொடாமல் ஜெல்லி கரையும். மாமி பார்ப்பாள், மனம் மாறுவாள், செருப்பை மாட்டுவாள். ரயிலிலேயே இந்தத் திட்டத்தை நான்கு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

ஜெல்லி அற்புதமாக உறைந்தது. ஃபிரிட்ஜில் வைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஜெலட்டின் உருகிப்போகிற அந்த வெக்கையில் மேசை மேலேயே கிண்ணென்று நின்றது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், ஆனால் பெருமைதான் வந்தது. அன்னாசித் துண்டை வைத்து, மாமியை எதிரில் உட்கார வைத்தேன். ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டு மணி நேரம் போயிற்று. அன்னாசி ஜெல்லி மேல் அரியணையில் அமர்ந்தது போல அமர்ந்திருந்தது. ஜெல்லியில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

"பாத்தியா மக்கா" என்றாள் மாமி, மிகவும் அன்பாக. "தொடாம விட்டா ஒண்ணும் ஆவாது." பிறகு ஸ்பூன் எடுத்து என் நிரூபணத்தைத் தின்று முடித்தாள். கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு, இனிப்பு கொஞ்சம் கூடுதல் என்றாள்.

மறுநாள் காலையில் குப்பைக்கூடையில் அந்த பாக்கெட்டைப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. சுத்த சைவம். மாட்டு எலும்பில் எடுத்த சாமானுக்கு எவன் பச்சைப் புள்ளி போடுவான்? அது கடல்பாசியில் செய்த ஜெல்லி. அன்னாசிக்கு அதில் வெட்டுவதற்கு ஒரு நார் கிடையாது. தினமும் ஜெலட்டினோடு குடும்பம் நடத்துகிறவள் நான், ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. மாமியிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். "தோத்த ஆளுவ எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாவ" என்றாள்.

திங்கட்கிழமை ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். முட்டாள்தனத்துக்கு வந்த அழுகை கொஞ்சம்தான். மீதியெல்லாம் பயம். நான் வாயைத் திறக்கத் திறக்க மாமி ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் ஒரு மைல் தள்ளிப் போய்க்கொண்டிருந்தாள்.

நிச்சயதார்த்தத்துக்குப் பெண் வீட்டிலிருந்து எண்பது பேர் வந்தார்கள். கறிக்கு வந்து சேர்ந்த காளை, பார்த்த அளவில் அப்பாவுக்கு மூத்தது. விடியும் முன்பே உருளி அடுப்பில் ஏறியது. பத்து மணிக்கு மாமி ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். பதினொரு மணிக்கும் பார்த்தாள். அம்மா பக்கத்தில் போய், "ஒரே ஒரு துண்டு பப்பாளி போட்டா..." என்று ஆரம்பித்தாள். மாமி திரும்பிப் பார்த்த பார்வையில் அம்மா பாயசத்தைக் கவனிக்கப் போய்விட்டாள். விறகு மேலும் மேலும் எரிந்தது. இறைச்சி அசையவில்லை.

பந்தி போட்டாயிற்று. பெண்ணின் சித்தப்பா ஒருவர், வந்ததிலிருந்து மஸ்கட்டில் அவர் கட்டிய பாலங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். முதல் துண்டை வாயில் போட்டதும் பேச்சு நின்றது. மெல்ல மெல்லப் பந்தல் முழுக்கப் பேச்சு நின்றது. எண்பது பேர் ஒன்றாக மெல்லுகிற சத்தம் மட்டும், தொழுவத்தில் கேட்பது போலக் கேட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வாய் ஒழிந்தால்தானே. பெண்ணின் அம்மா மெல்லக் குனிந்து, எதையோ கைக்குட்டையில் துப்பி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

கடைசியில் போதகர் முடிவு ஜெபத்துக்கு எழுந்தார். அவர் வாயிலும் ஒரு துண்டு இருந்தது. விழுங்கவும் முடியாமல் எண்பது பேர் முன்னால் துப்பவும் முடியாமல், அதை இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஜெபித்தார். சாப்பாட்டுக்கு எப்போதும் நீளமாக நன்றி சொல்கிறவர், அன்றைக்கு இரண்டே வரியில் ஆமென் சொல்லிவிட்டார்.

பெண் வீட்டார் போன பிறகு அண்ணன் அடுக்களைக்குள் வந்து, "மாமி, மிச்சத்த டயர் கம்பெனிக்கு அனுப்பிரலாம்" என்றான். மாமி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவள் திட்டாததைப் பார்த்து அண்ணன் பேசாமல் வெளியே போய்விட்டான். அந்தக் காளையில் அடுப்பில் ஏற்றாத பச்சை இறைச்சி இரண்டு கிலோ தனியே பாத்திரத்தில் இருந்தது. மாமி அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"போ. எங்கயாவது ஒரு பப்பாளிக்காய் கெடக்கான்னு பாரு."

அவள் பேச்சைக் கேட்டுச் சரிவு முழுக்க மரத்தை வெட்டியாகிவிட்டது. பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓடி, பெண்கள் ஐக்கியத்துக்கு வராத ஒரு வீட்டில் அரைக்காய் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தேன். மாமி அதைத் தோலோடு அரைத்தாள். பச்சை இறைச்சியில் புரட்டினாள். மூடி வைத்துவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்தாள், ஜெல்லியின் எதிரில் உட்கார்ந்தது போலவே. நான் இந்தத் தடவை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்து, ஒரு துண்டை விரலால் அழுத்தினாள். விரல் உள்ளே இறங்கியது. அவள் வாழ்நாள் முழுக்கப் பார்த்த காட்சிதான் அது. ஆனால் விரலை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

"கத்தி வச்சனா?"

"இல்ல மாமி."

"தீயில வச்சனா?"

"இல்ல."

"ஒரு மணிக்கூறு" என்றாள். விரலை எடுத்துச் சேலையில் துடைத்தாள். "எனக்க உள்ள கெடக்கதும் ஒறங்கல்ல, இல்லியா?"

"ஒறங்கல்ல மாமி."

"போன மாங்கா சீசன்ல இருந்து இருக்கு" என்றாள்.

நான் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் என்று நினைத்திருந்தேன். வீட்டில் அடுத்த மாங்காய்க்கே மரம் பூத்து நின்றது. மாமி எழுந்து கையைக் கழுவினாள். "இதப் பொரிச்சு அண்ணனுக்குக் குடு. நாளைக்கு எத்தன மணிக்கு ஒனக்க ரெயிலு?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஊசியை எடுத்ததும் மாமி அவர் கையைப் பிடித்தாள். "மோனே, இது வேலிய அறுத்தாச்சா, இனிமேத்தான் அறுக்கப் போவுதா?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். வேலியை அறுத்துத்தான் இருந்தது. ஆனால் தூரம் போகவில்லை, அக்குளில் எடுத்துப் பார்த்த நிணநீர்க் கணுக்கள் ஒன்றிலும் புற்று இல்லை. அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு மருந்து, முடி கொட்டல், வாந்தி எல்லாம் முறையாக நடந்தது. கத்தி பட்டும் எதுவும் முழித்துக்கொண்டு ஓடவில்லை. வார்டில் பக்கத்துக் கட்டில்காரிகளுக்கு மாமி பப்பாளி வகுப்பு எடுத்தாள். அதில் பாதி தப்பு. நான் திருத்தவில்லை. என்னிடம் கேட்டவர்களைவிட அவளிடம் கேட்டவர்களுக்கு அதிகம் புரிந்தது.

கல்யாணம் அண்ணனின் அடுத்த லீவில் நடந்தது. மாமி தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு உருளிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது கையைத் தூக்க முடியாததால் இடது கையால் அதிகாரம் செய்தாள். இரண்டு முழுப் பப்பாளிக்காய் உள்ளே போயிற்று. பந்தியில் முதல் துண்டைப் போதகருக்கு வைக்கச் சொல்லி, தூணுக்குப் பின்னால் நின்று அவர் வாயையே பார்த்தாள். அவர் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முடிவு ஜெபத்தில் ஆபிரகாமிலிருந்து ஆரம்பித்தார்.

கூட்டம் கலைந்த பிறகு நானும் மாமியும் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தோம். பெண்ணின் அம்மா பின்வாசல் வழியாக வந்தாள், கைக்குட்டைக்காரி. பட்டுச்சேலையில் வேர்த்துப்போய் இருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாமியின் பக்கத்தில் நெருங்கி நின்றாள்.

"கறி நல்லா இருந்துது அக்கா" என்றாள்.

"ம்" என்றாள் மாமி.

"ஒரு காரியம் கேக்கணும். ஒருத்திக்கு மாருல ஒரு கட்டி இருக்காம்."

மாமி யாருக்கு என்று கேட்கவில்லை. கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, திங்கக்கிழம ஒனக்க ரெயிலுக்கு மூணு டிக்கெட்டு எடு."